ஐந்து தெருவும் ஐம்பது வீடும்

மணவயல் என்றொரு தலைநகரம். அதை ஆண்ட திருவழுதி அரசருக்குப் படை உண்டு, யானை உண்டு, முரசு உண்டு. ஆனால் ஊருக்குள் ஒரு குடிசை போடச் சொல்ல மட்டும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை அவருடைய பாட்டனார் மனைச் சபைக்குச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டார். ஊரில் தெரு ஐந்து. தெருவுக்கு ஒருவராகச் சபையில் ஐந்து பேர். நால்வர் ஒப்பினால் அது முடிவு. அதை அரசரும் மாற்ற முடியாது.

அந்த ஆண்டு ஆற்றில் வெள்ளம் வந்து கரையோரக் குடிசைகள் ஐம்பதையும் வாரிக்கொண்டு போனது. ஊருக்குத் தண்ணீர் சுமப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், தெருக் கூட்டுபவர்கள் எல்லாரும் யானைக் கொட்டிலில் ஒண்டிக்கொண்டார்கள். யானைகள் வெளியே நின்று நனைந்தன. ஊரில் இடம் விட்டுக் கொடுத்தவை அவை மட்டும்தான்.

இத்தனைக்கும் ஒவ்வொரு தெருக்கோடியிலும் பொது நிலம் சும்மா கிடந்தது. அதில் வீடு கட்டலாமா என்று ஆராயச் சபை கூடியது. ஒரு முறையா, இரண்டு முறையா? பதினேழு முறை! கூடும்போதெல்லாம் அரண்மனைச் செலவில் உளுந்து வடையும் பானகமும்.

"ஏழைக்கு வீடு வேண்டும். நினைத்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது" என்பார் கிழக்குத் தெரு தனபாலர், மூன்றாவது வடையை விழுங்கிக்கொண்டே. "ஆனால் எங்கள் தெரு தோதுப்படாது. கிணற்றில் தண்ணீர் போதாது."

மேற்குத் தெரு வைத்தியர் சாத்தப்பருக்குக் காற்றோட்டம் கெட்டுவிடும். வடக்குத் தெரு மழவராயருக்குக் குதிரை மிரளும். தெற்குத் தெருக்காரருக்கும் தேரடித் தெருக்காரருக்கும் காரணம் எதுவும் அகப்படவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் தண்ணீர் சுமக்கும் பூவாயி அரசர் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, என் மருமகளுக்கு இது ஒம்பதாம் மாசம். ஆனைச் சாணி நாத்தத்துல பிள்ளையப் பெறச் சொல்றீங்களா? இடமில்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. நாங்க அம்புட்டுப் பேரும் ஆத்தைத் தாண்டி வேற ஊரு பாத்துப் போயிடறோம்."

அரசருக்கு அவமானமாக இருந்தது. தம் அரசவையின் குறும்புக்கார அமைச்சன் அம்பலவாணனைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளை நண்பகலுக்குள் மனைச் சபை ஒப்ப வேண்டும். என் பெயரைச் சொல்லி மிரட்டக் கூடாது. கையூட்டுக் கூடாது. பொய்யும் கூடாது. முடியுமா?"

"முடியும் மகாராஜா. ஆளுக்கு ஓர் ஓலை போதும்."

அம்பலவாணன் நேரே தனபாலர் வீட்டுக்குப் போனான்.

"உங்கள் தெருவைப் பற்றிப் பேச வரவில்லை ஐயா. அது ஆகாதென்று பதினேழு முறை கேட்டாயிற்று. மற்றத் தெருக்களில் எது எது வீடு கட்ட ஏற்றது? அதை மட்டும் எழுதிக் கொடுங்கள்."

தனபாலரின் முகம் மலர்ந்தது. "எத்தனை எழுதலாம்?"

"உங்கள் மனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு."

மனம் மிகவும் பெரிதாகத்தான் இருந்தது. ஒரு தெருவை எழுதினால் தப்பிவிடும், நான்கையும் எழுதினால் எவன் தலையிலாவது விழும் என்று அவர் கணக்கு. நான்கையும் எழுதி, 'முழு மனதுடன் ஒப்புகிறேன்' என்று கையொப்பமும் போட்டுக் கொடுத்தார். சொல்லி வைத்தாற்போல மற்ற நால்வரும் அப்படியே செய்தார்கள். வைத்தியர் மட்டும் 'மிக முழு மனதுடன்' என்று எழுதினார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. பூவாயி தூணோரமாக நின்றாள். அம்பலவாணன் ஓலைகளைப் பிரித்தான்.

"கிழக்குத் தெரு. ஒப்பியவர் நால்வர். மறுத்தவர் ஒருவர்."

தனபாலர் துள்ளி எழுந்தார். "நான் ஒப்பவில்லையே!"

"அந்த ஒருவர் நீங்கள்தான் ஐயா. உட்காருங்கள்."

மற்ற நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாத்தப்பருக்குப் புரையேறிவிட்டது.

"மேற்குத் தெரு. ஒப்பியவர் நால்வர். மறுத்தவர் ஒருவர்."

சாத்தப்பரின் சிரிப்பு நின்றது, இருமல் மட்டும் நிற்கவில்லை. இப்போது சிரித்தவர்கள் மூன்று பேர். வடக்குத் தெருவை வாசித்தபோது இரண்டு பேர், அதுவும் அரைமனதாக. தெற்குத் தெருவுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தேரடித் தெருக்காரர் எழுந்து, "என்னுடையதை வாசிக்க வேண்டாம் தம்பி, புரிந்துவிட்டது" என்றார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐந்து தெருவும் தேறிவிட்டதே! தெருவுக்குப் பத்து வீடு. இன்றே முளை அடியுங்கள்!"

"மகாராஜா, இது அநியாயம்!" என்றார் தனபாலர். "ஐம்பது வீட்டுக்கு ஐந்து தெரு எதற்கு? ஒன்றையாவது விலக்கிவிடலாமே!"

"தாராளமாக விலக்கலாம்" என்றான் அம்பலவாணன். "எந்தத் தெருவை என்று சபையே சொல்லட்டும். நால்வர் ஒப்பினால் போதும்."

ஐவரும் ஒரே நேரத்தில் அவரவர் தெருவின் பெயரைச் சொன்னார்கள்.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"சபை எத்தனை முறை வேண்டுமானாலும் கூடட்டும் மகாராஜா. வடையை மட்டும் நிறுத்திவிடுங்கள்."

இருபதே நாளில் கூரை ஏறியது. பூவாயிக்குக் கிழக்குத் தெருவில் வீடு. அங்கே பேரன் பிறந்த அன்று, தண்ணீர் போதாது என்று சொன்ன அதே கிணற்றிலிருந்து தனபாலரின் மனைவியே இரண்டு குடம் இறைத்துக் கொடுத்தாள்.

எந்தத் தெருவை விலக்குவது என்று மனைச் சபை அன்றிலிருந்து கூடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் சரியாக ஒரே ஓர் ஒப்புதல் விழுகிறது. பூவாயியின் பேரன் இப்போது தெருவெல்லாம் ஓடுகிறான். சபை இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறது.