நாலு எட்டு தள்ளிப் போட்ட நாற்காலி

கண்ணை மூடிக்கோ தங்கம். காது மட்டும் திறந்திருக்கட்டும். நான் நிறுத்தற இடத்துல "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு நினைச்சு இந்தப் பெரியம்மாவும் தூங்கிடுவா, அப்புறம் கதை பாதியில நிக்கும்.

ஒரு ஊர்ல ஒரு மாவு மில்லு இருந்துச்சாம். மில்லுக்காரி பேரு ஆவுடை. உச்சந்தலையில இருந்து கால் நகம் வரைக்கும் மாவு. அவ சிரிச்சா நமக்குத் தும்மல் வரும். அவளுக்கு ஒரு அப்பா, சங்கரபாண்டின்னு பேரு. மில்லை ஆரம்பிச்சதே அவருதான்.

அவருக்கு அங்க என்ன வேலை தெரியுமா? காதால கேக்கற வேலை. மெஷினுக்கு மேல தகரத்துல பெரிய புனல் இருக்கும். அரிசியோ கேப்பையோ அதுலதான் கொட்டணும். கொட்டும்போது மோட்டார் ஓடக் கூடாது, ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. அது அந்த மில்லோட வழக்கம். புனலுக்குப் பக்கத்துலேயே நாற்காலி போட்டு அவரு காதைக் குடுத்துட்டு உக்காந்திருப்பாரு. சரசரசரன்னு அரிசி விழும். நடுவுல 'டிங்'. "நிறுத்தும்மா, ஆணி" அப்படிம்பாரு. கையை விட்டுத் துழாவினா ஆணி இருக்கும். 'டொக்'. "கல்லு" அப்படிம்பாரு. கல்லேதான். எங்க, ம் சொல்லு. ஆங், அப்படி.

அப்புறம் ஒரு நாள் அவருக்கு நெஞ்சு சரியா அடிக்கல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நெஞ்சுத் தோலுக்கு அடியில சின்னதா ஒரு மெஷின் வெச்சாங்க. இதயம் சோம்பிப் போச்சுன்னா அது லேசா தட்டி எழுப்பி விடும். டாக்டரம்மா சொன்னாங்க, "நல்லா சாப்பிடலாம், நடக்கலாம், மில்லுக்கும் போகலாம். பெரிய காந்தம் மட்டும் கிட்டக்க வரக் கூடாது. வந்தா மெஷின் தடுமாறிடும்." ஆவுடை தலையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினா. ஆட்டினதோட சரி, அந்தப் பேச்சு அந்தக் காதுல போய் இந்தக் காது வழியா வந்துடுச்சு.

அப்போ பாரு, மில்லுக்கு ஒரு சோதனை வந்துச்சு. கைக்குழந்தைக்கு அரைச்ச கேப்பை மாவுல ஒரு கம்பித் துண்டு. நல்ல வேளை, சலிக்கும்போது அந்தக் குழந்தையோட அம்மா கண்ணுல பட்டுச்சு. சங்கரபாண்டிக்கு முகமே செத்துப் போச்சு. "எனக்குக் கேக்கலையேம்மா" அப்படின்னாரு. "நூல் மாதிரி கம்பிப்பா, அது எங்க சத்தம் போடும்?" அப்படின்னு ஆவுடை சமாதானம் சொன்னா. ஆனா அன்னிக்கே முடிவு பண்ணிட்டா, புனலுக்குள்ள ஒரு காந்தம் வெக்கணும்.

முதல்ல பழைய ரேடியோ ஸ்பீக்கர்ல இருந்து கருப்புக் காந்தத்தைக் கழட்டிக் கட்டினா. அது வயசான காந்தம் பாவம். ஒரு ஆணியைப் பிடிச்சுது. அடுத்த படி அரிசி வேகமா வந்து அந்த ஆணியை அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. சடசடசட, புஸ்ஸு. அரைக்கற கல்லுல தீப்பொறி பறந்து மில்லே நின்னு போச்சு.

அப்புறம் இரும்புக் கடை காதர் மைதீன் பாய் கிட்டப் போனா. "பாய், இருக்கறதுலேயே பலமான காந்தம் குடுங்க."

பாய் மூணு பெட்டியை எடுத்து வெச்சாரு. "எல்லாமே நியோடிமியம் காந்தம். சின்னதா இருக்கும், பிடி பிசாசுப் பிடி" அப்படின்னாரு.

முதல் பெட்டியில மிளகு சைஸுல உருண்டைங்க. "இது பிள்ளைங்க நடமாடற இடத்துக்கு ஆகாதும்மா. ரெண்டை முழுங்கிட்டா குடலுக்குள்ளேயே ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். உசுருக்கே ஆபத்து." ரெண்டாவது பெட்டியில விரல் தண்டிக்கு ஸ்டீல் குழாய்ங்க, காந்தம் உள்ள அடைச்சிருக்கு. மூணாவதுல செங்கல் பாதி அளவுக்கு ரெண்டு கட்டி, நடுவுல மரத் துண்டு.

ஆவுடை எதை எடுத்திருப்பா சொல்லு? ம் இல்லடி, எதைன்னு கேட்டேன். கட்டியைத்தான். வாங்கறதே வாங்கறோம், பெருசா வாங்குவோம்னு.

"கொசு அடிக்க உலக்கை எதுக்கும்மா?" அப்படின்னாரு பாய். அவ கேக்கல. "சரி, கையுறை போட்டுக்கோ, கண்ணாடி போட்டுக்கோ. அந்த மரத் துண்டை எடுத்துடாதே. ஒட்டிக்கிட்டா இழுக்காதே, பக்கவாட்டுல நகத்து" அப்படின்னு நாலு தடவை சொல்லி அனுப்பினாரு.

மில்லுக்கு வந்தா. கையுறையாவது ஒண்ணாவது. மரத் துண்டை உருவினா பாரு, டபார். ரெண்டு கட்டியும் பாஞ்சு ஒட்டிக்கிச்சு. ஒரு மூலை உடைஞ்சு சில்லு விர்ருன்னு அவ காதோரமா பறந்துச்சு. விரல் நுனித் தோல் நடுவுல மாட்டிக்கிச்சு. "அம்மா"ன்னு கத்தினா.

மக கத்தினா அப்பா சும்மா இருப்பாரா? நாற்காலியை விட்டு எழுந்து ஓடி வராரு. அப்பதான் ஆவுடைக்கு டாக்டரம்மா சொன்னது சுரீர்னு உறைச்சுது. நெஞ்சுல மெஷின், கையில காந்தம். "அப்பா, அங்கேயே நில்லுங்க. கிட்ட வராதீங்க" அப்படின்னு அலறிக்கிட்டு, மாட்டின விரலோட சுவர் வரைக்கும் பின்னால போயிட்டா. வலி உசுரு போகுது, ஆனாலும் பின்னாலேயே போறா. அவ்வளவு பாசம் அவளுக்கு. அவரு அப்படியே நின்னுட்டாரு.

அப்போ அரிசித் தூக்கோட வரிசையில ஒரு பொண்ணு நின்னுச்சு. நல்ல லட்சணமான பொண்ணு, கெட்டிக்காரி, நான் கூட்டிச் சொல்லலை. அந்தப் பொண்ணு ஓடி வந்து, மர மேஜை விளிம்புல கட்டியைச் சாய்ச்சு, இழுக்காம பக்கவாட்டுல நகத்தி நகத்தி, இடுக்குல ஒரு மர அகப்பையைச் செருகி விரலை விடுவிச்சுது. அகப்பை போச்சு, விரல் பிழைச்சுது.

மறுநாளே ஆவுடை கட்டியைப் பாய் கிட்டத் திருப்பிக் குடுத்துட்டு ஸ்டீல் குழாயை வாங்கிட்டு வந்தா. சங்கரபாண்டி வீட்டுல இருக்கற நேரமா பாத்து, பாயே வந்து மோட்டார் சூடு படாத இடமா பாத்து, புனல் கழுத்துல மூணு குழாயைக் குறுக்கால முடுக்கினாரு. ரொம்ப சூடு பட்டா காந்தத்தோட பலம் போயிடுமாம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டா ஆவுடை. "நாலு எட்டு தள்ளி உக்காந்தா தாராளம்" அப்படின்னாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எட்டு வெச்சு, தரையில சிவப்பு பெயிண்டுல கோடு போட்டா. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாற்காலி.

சங்கரபாண்டி வந்து பாத்தாரு. புனலைப் பாத்தாரு, கோட்டைப் பாத்தாரு. "காந்தம் வந்தாச்சு. இனிமே என் காது எதுக்கும்மா?" அப்படின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. மூணு நாள் மில்லு பக்கமே வரல. காலை இட்லியில பாதி தட்டுலேயே கிடந்துச்சு. அப்பாவைக் காப்பாத்தப் போட்ட கோடே அவரை வெளிய தள்ளிடுச்சேன்னு ஆவுடை மாவு மூட்டைக்குப் பின்னால நின்னு அழுதா. அழுத முகத்துல மாவு ஒட்டிப் பசையாயிடுச்சு. சிரிக்காதே, பாவம் அவ.

நாலாம் நாள் தீபாவளிக் கூட்டம். "ஒத்தையா சமாளிக்க முடியலைப்பா, சும்மா வந்து உக்காருங்க போதும்"னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்தா. வேண்டா வெறுப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்தாரு. அந்தக் கெட்டிக்காரப் பொண்ணு அதிரசத்துக்கு அரிசி கொண்டு வந்திருந்துச்சு. குனிஞ்சு தூக்கைக் கவுத்துச்சு. மோட்டார் நின்னுச்சு. பேச்சு நின்னுச்சு. சரசரசர. 'டிக்'. குழாய் ஒரு ஊசியைக் கவ்விக்கிச்சு. ஆவுடைக்கு ஒரே பெருமை. கை சுவிட்ச் மேல போகுது.

"நிறுத்தும்மா."

"ஊசிப்பா. காந்தம் பிடிச்சிடுச்சு."

"அதுக்கு அப்புறம் ஒண்ணு விழுந்துச்சு. 'க்ளிங்'னு. இரும்புச் சத்தமில்ல அது."

நாலு எட்டு தள்ளி உக்காந்து சொல்றாரு தங்கம். ஆவுடை கையை விட்டுத் துழாவினா. அரிசி, அரிசி, அரிசி. அப்புறம் விரல்ல என்னவோ நெருடுச்சு. எடுத்தா, ஒரு தங்கக் கம்மல். சிவப்புக் கல்லு வெச்சது. அந்தப் பொண்ணு காதைத் தொட்டுப் பாத்துச்சு, ஒரு காது மொட்டை. அதோட அம்மா போட்டிருந்த கம்மல். அம்மா போனப்புறம் அதுகிட்ட மிச்சமிருந்தது அந்த ஜோடி மட்டும்தான். காந்தத்துக்குத் தங்கம்னா கண்ணே தெரியாதே. இன்னும் ஒரு நொடி போயிருந்தா அதிரச மாவோட அதுவும் மாவாயிருக்கும்.

ஆவுடை கோட்டைத் தாண்டிப் போய் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டா. "இரும்பை அது பாத்துக்கட்டும்பா. மத்ததெல்லாம் நீங்கதான் கேக்கணும்."

அவரு மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "முதல்ல அந்த இட்லி மிச்சம் இருந்தா எடுத்துட்டு வா" அப்படின்னாரு. கூட்டம் மொத்தமும் சிரிச்சுது. சிரிச்சுட்டுத் தும்முச்சு.

எங்க, கையைக் குடு. இந்தக் காதைத் தொட்டுப் பாரு. நெருடுதா? சிவப்புக் கல்லு. உங்க பாட்டியோடது.

அதான் சொன்னேனே, கெட்டிக்காரப் பொண்ணுன்னு. கதை மில்லுக்குள்ள போயி மாவாயிடுச்சு. இப்போ ரெண்டு இமையும் ஒட்டட்டும். டபார்னு வேணாம், மெல்ல, மெல்ல. தூங்கு.