ஒரு டஜன் பச்சை முட்டை

"எங்கிட்ட என்ன குறைன்னு சொல்லிடுங்க கோச்," என்றான் இசக்கிராஜ்.

கோச் ரெபெக்கா தன் முழங்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவள் அவனைவிட நாலு வயது சின்னவள். அவன் அவளைக் கோச் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். யாருக்கும் அதில் சங்கடம் இல்லை.

இசக்கிராஜ் கபடி ஆடுகிறவன். லெஃப்ட் கார்னர். பாடி வருகிற ரைடரின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைப்பதுதான் வேலை. வயது முப்பத்து மூன்று. ஒன்பது வருஷத்தில் எட்டு டீம். ஒரே ஒரு டீமில் ரெண்டு வருஷம் இருந்தான். அதுவும் முதல் வருஷம் காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்ததால்.

இது ஒன்பதாவது டீம். பத்து நாள் ட்ரயல். இன்று பத்தாவது நாள். இதுவும் இல்லையென்றால் மச்சானின் டைல்ஸ் கடைக்குப் போக வேண்டியதுதான். மச்சான் நல்லவர். அதுதான் பயமே.

அந்த கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. டீமில் எடுத்தவர்களுக்குக் காலையில் ரெண்டு அவித்த முட்டை. ட்ரயலுக்கு வந்தவர்களுக்கு இட்லி மட்டும். மெஸ் நடத்தும் சிங்கராயர் இதில் கறார். இசக்கிராஜுக்கு முட்டை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் பத்து நாளாக அடுத்தவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் பிடியில குறை இருக்கா?"

"இல்லண்ணே."

"உடம்புல?"

"இல்ல."

"வாயில?"

"அது இருக்கு. ஆனா அதுக்காக யாரும் கழட்டி விட மாட்டாங்க."

"அப்ப ஏன் எல்லாரும் கழட்டி விடுறாங்க? போற டீம்ல எல்லாம் முதல் நாளே அவங்க சிக்னலைக் கத்துக்கிறேன். இங்கயும் அப்படித்தான். நீளமா ரெண்டு அமுக்குன்னா பாய். சின்னதா ஒண்ணுன்னா பொறு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

கார்னரும் அவனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளும் கை கோத்துத்தான் நிற்பார்கள். ஆட்டத்தில் வாயால் பேச நேரம் இருக்காது. கையை அமுக்குவதுதான் பேச்சு. ஒவ்வொரு டீமிலும் அந்தப் பேச்சு வேறே.

ரெபெக்கா டேப்பைப் பல்லால் கிழித்தாள்.

"சிங்கராயரண்ணே, ஒரு டஜன் முட்டை கொண்டாங்க. அவிக்காதீங்க."

"பச்சையாவா? குடிக்கவா?"

"பிடிக்க."

சிங்கராயர் அட்டையோடு வந்தார். முகம் சரியில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார்.

இசக்கிராஜும் பக்கத்து ஆளும் நீட்டிய கைகளுக்கு நடுவே ரெபெக்கா ஒரு முட்டையை வைத்தாள். கையை மூடச் சொன்னாள்.

"ரைடரைப் பிடிக்கணும். பாயுற வரைக்கும் முட்டை உடையக் கூடாது. அவ்வளவுதான்."

பக்கத்து ஆள் சிரித்தான். இசக்கிராஜ் சிரிக்கவில்லை.

ரைடர் பாடிக்கொண்டு வந்தான். இசக்கிராஜின் கட்டை விரல் மூணு தரம் அமுக்கியது. மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது.

"இது எந்த ஊரு?" என்றாள் ரெபெக்கா.

"சூரத்." அவனுக்கே வெட்கமாக இருந்தது. "அங்க இருந்து வந்து நாலு வருஷமாச்சு."

அடுத்த முட்டை. இந்தத் தரம் சுண்டு விரல்.

"இது?"

"குவாலியர்."

அடுத்தது ராஞ்சி. அதற்கு அடுத்ததும் ராஞ்சி.

"இந்தத் தரம் நம்ம சிக்னல்தான் கோச். சரியாத்தானே அமுக்குனேன்?"

"உடைஞ்சுதா இல்லையா?"

"உடைஞ்சுது."

"மேட் விரிப்பை யாரு தொடைக்கிறது?" என்று சிங்கராயர் கேட்டார்.

ஒன்பது முட்டை போனது. இசக்கிராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இது என்ன கோச், கபடியா ஆம்லெட்டா?"

"நில்லுங்கண்ணே."

பத்தாவது முட்டையை அவளே துடைத்து வைத்தாள். பக்கத்து ஆள் மெதுவாகச் சொன்னான்: "கொஞ்சம் சும்மா இருந்துதான் பாருங்களேன்."

இசக்கிராஜ் சும்மா இருந்தான். அது அவனுக்கு வழக்கமில்லை. ரைடர் கோட்டைத் தாண்டி வந்தான். அமுக்கக் கூடாது என்றால் கைக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கைக்குள் இன்னொரு கை இருப்பது தெரிந்தது. சூடாக இருந்தது. ஒரு விரல் கோணலாக இருந்தது. ரைடர் அந்தப் பக்கம் சாய்ந்தால் லேசாக நடுங்கியது. இந்தப் பக்கம் திரும்பினால் அடங்கியது.

நடுக்கம் நின்றது. முட்டை ஒரு மயிரிழை இவன் பக்கம் நகர்ந்தது.

பாய்ந்தது அவனுக்கு நினைவில்லை. விரிப்பில் கிடந்தான். ரைடரின் கணுக்கால் அவன் கைகளுக்குள் இருந்தது. பக்கத்து ஆள் ரைடரின் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தான். முட்டை உருண்டு போய்க் கோட்டுக்கு வெளியே நின்றது. உடையவில்லை.

"முட்டையும் அவுட்டு," என்றான் கீழே கிடந்த ரைடர்.

"யாரு சிக்னல் குடுத்தா?" என்று ரெபெக்கா கேட்டாள்.

இசக்கிராஜ் பக்கத்து ஆளைப் பார்த்தான். நான் இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

இசக்கிராஜ் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டான்: "தம்பி, அந்த விரல் எப்ப உடைஞ்சது?"

"ரெண்டு வருஷமாச்சுண்ணே."

"உங்க பேரு?"

"பத்து நாளா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தணிகாசலம்."

சிங்கராயர் உருண்டு போன முட்டையை எடுத்து அட்டையில் வைத்தார்.

"மூணு மிச்சம். என்ன செய்ய?"

"ரெண்டை அவிங்க," என்றாள் ரெபெக்கா. "அண்ணன் தட்டுல வைங்க."