கெண்டைக்குத் தெரியாத தண்ணீர்

“இது ஆறா? இது வலை! கோடு கோடா இழுத்து வச்சுட்டு ஆறுங்கிறியே!”

மூன்றாவது படத்துக்கும் கெண்டை மீன் இதையேதான் சொன்னது. ஓர் எழுத்து மாறவில்லை.

அந்தக் காலத்தில் சீன தேசத்து மீன்களுக்குப் பேச வரும், நிறுத்தத்தான் வராது. பெய்லானுக்கும் அதே குணம் என்பதால் காலையிலிருந்து அந்த முற்றத்தில் யாராலும் காது கொடுத்து நிற்க முடியவில்லை.

பெய்லான் அந்த ஊர் நீதிபதி சோங்கின் மனைவி. படம் வரைவதில் கெட்டிக்காரி. அன்று சோங்குக்கு அறுபதாம் பிறந்த நாள். நாலு நாளைக்கு முன்பு ஆற்றில் பிடித்த கெண்டையை முற்றத்துப் பீங்கான் தொட்டியில் விட்டிருந்தார்கள். அதை இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்து மதியம் பரிமாறுவதாக ஏற்பாடு. கெண்டை சும்மா இருக்குமா? விருந்தாளிகள் வந்து உட்கார்ந்ததும் தொட்டி விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, “நீதிபதி ஐயா, எனக்கு நியாயம் வேணும். என்னை ஆத்துல கொண்டுபோய் விடுங்க” என்றது.

பத்துப் பேர் முன்னால் பெருந்தன்மை காட்டச் சோங்குக்கு ஆசை. “என் மனைவி வரையிற ஆறு நிஜ ஆறு மாதிரியே இருக்கும். அவ படத்தைப் பார்த்து ‘இது ஆறுதான்’னு நீயே ஒத்துக்கிட்டா உன்னை விட்டுடறேன். மதியச் சாப்பாடு வரைக்கும் நேரம்” என்று சொல்லிவிட்டார். என்னவோ தாமே உட்கார்ந்து வரையப்போகிறவர் மாதிரி! மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

மூன்று படம் போயிற்று. வெயில் முற்றத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. பெய்லான் பொறுமை இழந்தாள்.

“ஆமா, ஆறுதான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். உயிர் மிஞ்சும்!”

“பொய் சொன்னா எங்க இனத்துல மீசை உதிர்ந்துடும் தாயே. நாலு மீசையும் போய் மொழுக்குன்னு ஆத்துக்குத் திரும்பினா எந்தக் கெண்டை என்னை மதிக்கும்?”

“உயிரைவிட மீசை பெருசா?”

“உன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு. அவரும்தான் வச்சிருக்காரு.”

பெய்லானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

கோபம் மீன்மேல் மட்டுமில்லை. அந்தக் காலத்து ஓவியர்களுக்குத் தண்ணீர் என்றால் கோடுதான். சுருள் அலை, செதில் அலை, புரளும் அலை என்று மொத்தம் பன்னிரண்டு. பட்டில் வரைந்தாலும் சரி, பாத்திரத்தில் வரைந்தாலும் சரி, கோயில் கூரையடியில் வரைந்தாலும் சரி, அந்தப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. இம்போசிஷன் எழுதுகிற மாதிரி ஒன்பது வருஷம் அதையே எழுதி எழுதிக் கற்றவள் அவள். ஒரு மீன் வந்து அத்தனையும் வலை என்றால்?

“இந்தத் தொட்டிக்குள்ளயும் பாரு,” என்றது கெண்டை. “சுத்திச் சுத்தி நீல நீலமா அதே அலையை வரைஞ்சு வச்சிருக்கு. நாலு நாளா முட்டி முட்டி மூக்கு வீங்கிப் போச்சு.”

சமையலறையில் இஞ்சி நறுக்குகிற சத்தம் கேட்டது. டக், டக், டக். அதுவரை வாய் ஓயாத கெண்டை சட்டென்று தொட்டியின் அடிக்குப் போய்விட்டது.

பெய்லான் தூரிகையைக் கீழே வைத்தாள். குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். குரல் தணிந்திருந்தது.

“சரி, மேலே வா. தண்ணி எப்படி இருக்கும்? நீயே சொல்லு, அப்படியே வரையறேன்.”

கெண்டை மேலே வந்தது. வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

“தெரியலையே.”

“என்னது?”

“நான் தண்ணியைப் பார்த்ததே இல்லை.”

“பொறந்ததிலேருந்து அதுக்குள்ளதானே கிடக்கிறே!”

“அதனாலதான். மேலே ஆகாயம் தெரியும், கீழே கூழாங்கல் தெரியும், முன்னால போற அண்ணன் வால் தெரியும். தண்ணின்னு தனியா எதுவும் தெரிஞ்சதில்லை. என்னை வெளியே இழுத்துப் போட்ட அன்னிக்குத்தான் அப்படி ஒண்ணு இருந்ததே தெரிஞ்சது.”

பெய்லான் நிமிர்ந்தாள். புதுத் தாளை விரித்தாள். மெல்லிய கோடு போடுகிற தூரிகையைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு, பருத்த தூரிகையை எடுத்து மையில் முக்கினாள். ஒரே இழுப்பில் ஒரு மீனின் முதுகு. ஈரம் கூட்டி, மை ஊறிப் பரவ, ஒரு வால். அதற்குக் கீழே மையை நன்றாகக் கரைத்து, மங்கலாக இன்னொரு மீன். இன்னும் ஆழத்தில், இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி மூன்றாவது. அடியில் நாலு கூழாங்கல். மேலே மிதக்கிற ஒரு வில்லோ மரத்து இலை. அவ்வளவுதான்.

எட்டிப் பார்த்த சோங், “தண்ணியை மறந்துட்டே” என்றார்.

“மறக்கலை.”

“காகிதம் அப்படியே வெள்ளையா கிடக்கே! பன்னிரண்டு அலையில ஒண்ணுகூடப் போடலை. சாப்பாட்டு நேரம் ஆச்சு, ஊரே பார்க்குது, என் மானத்தை வாங்காதே.”

“பந்தயம் மீனோட. நீங்க போய் உட்காருங்க.”

தாளை இரண்டு கையாலும் பிடித்துத் தொட்டிக்கு எதிரே நீட்டினாள்.

கெண்டை பார்த்தது. செவுள் இரண்டும் படபடவென்று அடித்தன. அடுத்த நொடி தொட்டியை விட்டு எகிறி நேராகப் படத்துக்குள் பாய்ந்தது! ஈரத்தாள் டர்ரென்று கிழிந்தது. அந்தப் பக்கம் பட்டு அங்கியோடு உட்கார்ந்திருந்த நீதிபதியின் மடியில் கெண்டை பொத்தென்று விழுந்தது.

“ஆறு எங்கே?” என்று கத்தியது கெண்டை. “இப்பத்தானே இருந்துச்சு! எங்க அண்ணன்கூட முன்னாடி போயிட்டிருந்தானே!”

பத்து விருந்தாளிகளும் எழுந்து நின்றுவிட்டார்கள். சோங் மீனின் வாயோரத்தை விரலால் தடவி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒரு மீசை குறையவில்லை.

“ஆனா தண்ணி எங்கே இருக்கு இதுல?” என்றார் பரிதாபமாக.

“உங்க மடியில இருக்கு, பாருங்க” என்றாள் பெய்லான்.

சிரிப்புச் சத்தத்தில் கூரை ஓடு அதிர்ந்தது. கொடுத்த வாக்கு, பத்துச் சாட்சி. நீதிபதி என்ன செய்வார்? பெய்லான் தானே வாளியில் தண்ணீர் மொண்டு, கெண்டையை அதில் விட்டு, முந்திக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள். பின்னால் விருந்தாளிகள், அவர்களுக்குப் பின்னால் கத்தியும் கையுமாகச் சமையற்காரர், கடைசியில் நனைந்த அங்கியோடு சோங். கரையில் வாளியைக் கவிழ்த்தாள். கெண்டை நீருக்குள் போனது, முதுகு தெரிந்தது, வால் மங்கியது, பிறகு அதுவும் இல்லை. பன்னிரண்டு அலைகளையும் கரைத்துக் குடித்தவள் அங்கே நின்று பார்த்தாள். ஆற்றில் ஒரு கோடுகூட இல்லை.

விருந்தாளிகள் அன்றைக்கு இஞ்சி போட்ட சோயாக் கட்டியைச் சாப்பிட்டார்கள். ஒருவரும் அவளிடம் ஒரு மீன் படம் கேட்டு வாங்காமல் போகவில்லை.

அன்று முதல்தான் சீன ஓவியர்கள் மீனை வரைந்துவிட்டுத் தண்ணீருக்குத் தாளை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அன்று முதல்தான் பக்கத்தில் யாராவது ஒருவர் வந்து நின்று கெஞ்சுகிறார்: “ஓரத்துலயாவது ஒரே ஒரு கோடு போடேன்மா!”