நாலு புடவை நீளம்

ஏரிக்கரைத் தெருவின் மொட்டை மாடி ஒன்றில் ஒரு துணிக்கொடி இருந்தது. வெறும் செம்புக் கம்பிதான். இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். நாலு புடவையை வரிசையாக விரித்தால் சரியாக நிறையும். அதற்கு ஒரே ஒரு பெருமை உண்டு. எங்கும் ஒட்டில்லாத, முடிச்சில்லாத முழுக் கம்பி அது. இதைக் கேட்டுக் கேட்டுத் துணிக் கிளிப்புகளுக்குக் காதே புளித்துவிட்டது.

அதே மாடியில் உயரமான குழாயின் உச்சியில் ஓர் ஆன்டெனா இருந்தது. வீட்டுக்காரி மங்கை புடவைக்கடை நடத்துகிறவள். ஓய்வு கிடைத்தால் ஹாம் ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிறவள். அவள் குரலை வானில் ஏற்றி அனுப்புவது ஆன்டெனாவின் வேலை. கடையில் விலை கொடுத்து வாங்கிய சாமான் என்பதால் அதற்கு மிதப்பு அதிகம்.

"ராத்திரி ஜப்பான் வரைக்கும் போயிட்டு வந்தேன். நீ என்ன பண்ணின?" என்று கேட்கும்.

"பாவாடை காயப் போட்டேன்" என்று கொடி சொல்லும். உள்ளதைத்தானே சொன்னது! அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

துணி துவைக்க வரும் அஞ்சுகம், தினமும் ஈரத்துணியால் கொடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்துவிட்டுத்தான் முதல் துணியைப் போடுவாள். அந்தக் கைக்காகவே கொடி காலையில் காத்திருக்கும்.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் புயலும் மழையும் அடித்தன. குழாய் முறிந்து, ஆன்டெனா தண்ணீர்த் தொட்டியடியில் சுருண்டு கிடந்தது. அஞ்சுகமும் வரவில்லை. நாலாம் நாள் முற்பகலில் மங்கையின் கணவர் வரதன் முழங்கால் சேற்றோடு மாடிக்கு ஓடிவந்தார்.

"மங்கை, ஏரிக்கரை கசியுது! சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. கீழ்ப்பாளையத்துப் பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்கி முந்நூறு பேர் இருக்காங்க. நம்ம அஞ்சுகமும் அங்கதான்."

"போய்ச் சொல்ல முடியாதாங்க?"

"பாலமே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. போன் டவரும் விழுந்து கிடக்கு."

மங்கை உடைந்த ஆன்டெனாவைப் பார்த்தாள். அடுத்து அவள் கண் கொடியின் மேல் போய் நின்றது.

"துணி காயப் போடுற கம்பியிலயா பேசப் போற?" என்றார் வரதன்.

"கம்பிதானேங்க! காத்துல ஏறுறதுக்கு அது புதுசா, பழசான்னு யார் பார்க்கப் போறாங்க?"

அவசரம் யாரை விட்டது? ஆன்டெனாவின் கேபிளை இழுத்துவந்து, கம்பத்தில் கட்டியிருந்த கொடியில் அப்படியே சுற்றிவிட்டுக் கீழே ஓடினாள். கார் பேட்டரியில் இணைத்திருந்த ரேடியோவில் கத்திக் கத்திக் கூப்பிட்டாள். பதிலே இல்லை. ரேடியோ சூடேறி முனகியது.

"அனுப்பினதுல பாதி என் தலையிலயே திரும்பி வந்து விழுது. மீதி எங்க போச்சு?" என்றது அது.

"எங்க வழியா மண்ணுக்குள்ள போச்சு. எங்க கிட்ட எது வந்தாலும் அங்கதான் போகும். எங்க சுபாவம் அது" என்றன இரும்புக் கம்பங்கள்.

மறுபடி மாடிக்கு ஓடிவந்த மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "புத்தி கெட்டுப்போச்சு எனக்கு! கம்பத்துல தொடவே கூடாது. கம்பியையும் நடுவுல வெட்டியாகணும். ரெண்டு கையா விரிஞ்சாத்தான் குரல் மேல ஏறும்."

வெட்டுவதா! கொடிக்கு உயிரே போய்விட்டது.

"வெட்டினா நீயும் என்ன மாதிரி குப்பைதான்" என்றது தொட்டியடியில் கிடந்த ஆன்டெனா.

மங்கையின் கொண்டையில் செருகியிருந்த பல்லுடைந்த பிளாஸ்டிக் சீப்பு அப்போது பேசியது. "பயப்படாதே. உன் ரெண்டு பாதிக்கும் நடுவுல நான் இருக்கேன். என் வழியா மின்சாரம் போகாது. எனக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதான்."

"இத்தனை வருஷம் முழுசா இருந்தேனே!" என்றது கொடி. அழுகையாக வந்தது. அந்த நேரத்தில் ஈரத்துணியோடு வரும் அந்தக் கை நினைவுக்கு வந்தது. அந்தக் கை இப்போது கசியும் கரைக்குக் கீழே இருக்கிறது.

"வெட்டட்டும்" என்றது.

டேப்பைத் தேட நேரமில்லை. ஆனால் புடவைக்கடைக்காரிக்கு அளவு கையிலேயே இருக்கிறது. அஞ்சரை மீட்டர்ப் புடவை ஒன்றை எடுத்துவந்தாள்.

"ஒரு பக்கத்துக்கு ரெண்டு புடவை, அதுல ரெண்டு முழம் கம்மி. பிடிங்க!"

வரதன் பிடித்தார். கட்டிங் பிளேயர் 'டக்' என்றது. சீப்பின் ஒரு முனையில் ஒரு பாதியையும் மறுமுனையில் இன்னொரு பாதியையும் கட்டினாள். கோடிகளில் பழைய பிளாஸ்டிக் பல் பிரஷ்களைக் கட்டி, அவற்றை நைலான் கயிற்றால் கம்பங்களோடு இழுத்துக் கட்டினாள். கேபிளின் உள்கம்பியை ஒரு பாதியோடும், அதைச் சுற்றியிருந்த கம்பி வலையை மறுபாதியோடும் முறுக்கிவிட்டாள்.

அவள் கீழே ஓடிப் பேசத் தொடங்கியதும் ரேடியோ நிம்மதியாக மூச்சு விட்டது. ஏதோ சிலிர்ப்பு கொடியின் இரண்டு பாதிகளிலும் ஓடி, கோடிவரை போய், கம்பத்தைத் தொடாமல் வானில் ஏறியது. கொடிக்குப் பேச்சு வந்துவிட்டது!

"அவசரம், அவசரம்! யாருக்காவது கேக்குதா?" என்றாள் மங்கை.

கரகரப்புக்கு நடுவே ஓர் ஆண் குரல் வந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து இன்னொரு ஹாம் ரேடியோக்காரர் இன்பராஜ். "நல்லா கேக்குதும்மா, மணி அடிச்ச மாதிரி! சொல்லுங்க."

சொன்னாள். அவர் உடனே அதிகாரிகளுக்குச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் மீட்புப் படகுகள் கீழ்ப்பாளையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு மணிக்குக் கரை உடைந்தது. பள்ளிக்கூடத்தின் கரும்பலகைவரை தண்ணீர் ஏறியபோது அங்கே பெஞ்சுகளைத் தவிர ஒருவரும் இல்லை. முந்நூறு பேரும் மேட்டுத் தெருவில் சூடாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். "கேட்டியா? என் பேச்சு போய்ச் சேர்ந்துடுச்சு!" என்று கொடி துள்ளியது. கிளிப்புகள் கைதட்டின. ஆன்டெனாகூட, "பரவாயில்லையே" என்று முணுமுணுத்தது.

ஒரு வாரம் கழித்து வெயில் வந்தது. வரதன், "பாவம், ஒட்டுப் போட்டு ஒரே கம்பியா ஆக்கிடட்டுமா?" என்று கேட்டார். "வேணாங்க" என்றாள் மங்கை.

அஞ்சுகம் மாடிக்கு வந்தாள். பழக்கம் விடுமா? ஈரத்துணியை எடுத்து, கோடியிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் கை நின்றது.

"என்னக்கா இது, கொடி அறுந்துபோச்சா? சீப்பைக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"அறுந்துபோகல அஞ்சுகம்" என்றாள் மங்கை. "அதுதான் அதோட வாய்."