எந்தத் தெருண்ணே?

வேட்பாளர் தணிகாசலம் நீட்டிய கைபேசியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். படத்தின் கீழே, "குளத்துமேட்டில் எதிர்க்கட்சிக்காரர்கள் இவள் குடிசையை எரித்துவிட்டார்கள். இதைப் பகிராதவன் மனிதனே இல்லை" என்றிருந்தது.

"எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பு. முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

கட்சி அலுவலகத்தில் செய்தி அனுப்பும் வேலை பூமயிலுடையது. படத்தைப் பார்த்த பையன்கள் வெளியே ஏற்கெனவே கட்டையோடு நின்றார்கள். இது ஊர் முழுக்கப் போனால் குளத்துமேட்டில் மண்டை உடையும்.

"அந்தம்மா பேர் என்னண்ணே?"

"கண்ணீருக்குப் பேர் எதுக்கு? படிச்சா ரத்தம் கொதிக்கணும், அவ்வளவுதான்."

"கொதிக்குதுண்ணே," என்றவள் வாசலுக்கு வந்து குரலை உயர்த்தினாள். "அண்ணன் இப்பவே குளத்துமேட்டுக்கு ஆறுதல் சொல்லக் கிளம்புறாரு! அரிசி, புடவை, போட்டோகிராபர், எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க!"

அண்ணன் ஆறுதல் சொல்லக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? பட்டாசுச் சரம்கூட வந்துவிட்டது. டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டான்.

"எந்தத் தெருண்ணே?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "யாரோ அனுப்பின படம்ப்பா. எந்த ஊருன்னே தெரியாது."

"அப்ப குடிசை எரிஞ்சுதா இல்லையா?" என்றான் ஒருவன். தணிகாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவன் கட்டையைச் சுவரோரம் சாய்த்தான். மற்றவர்களும் சாய்த்தார்கள்.

பூமயில் கைபேசியை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"விலாசம் கிடைச்சா சொல்லுங்கண்ணே. அதுவரைக்கும் இது என் கையால போகாது."