ஊசிக்குக் காது குத்துன கதை

அந்தக் காலத்துல ஊசிக்கு வாய் இருந்துச்சு, காது கிடையாது. மாடு, வண்டு, ஊசி, உலக்கை எல்லாமே பேசிக்கிட்டுத் திரிஞ்ச காலம் அது. மாடு ஒரு வார்த்தை பேசும், அப்புறம் அதையே அசைபோட்டு இன்னொரு தடவை பேசும். ஆனா ஊசி மாதிரி வாயாடி எதுவும் கிடையாது. எதிர்ல இருக்கிறவங்க சொல்றது ஒண்ணும் அதுக்குக் கேக்காது. கேக்காட்டியும் வாயசைப்பைப் பாத்துத் தானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு, கேட்ட மாதிரியே தலையாட்டும். அந்த மாதிரி ஆளுங்களை இப்பவும் பாக்கலாம், என்ன, அவங்களுக்குக் காது இருக்கும்.

இரும்பு ஊசியெல்லாம் அப்ப இல்ல. முள்ளம்பன்றி முதுகுல இருந்து விழுந்த முள்ளுதான் ஊசி. அதோட இடுப்புல நூலை முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டாப் போதும், அதுவே துணியில ஓடித் தைக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் ஓடும்னுதான் யாருக்கும் தெரியாது.

அப்படி ஒரு ஊசி வெள்ளத்தாயி வீட்ல இருந்துச்சு. வெள்ளத்தாயி அந்த வீட்டுக்கு மருமகளா வந்து ஏழு வருசம். புருசனோட தங்கச்சி முத்துப்பேச்சி. மதினியும் நாத்தனாரும் நாள் பூரா ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. ஆனா மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவுத்துன உடனே ரெண்டு பேரும் ஜன்னலோரமா காலை நீட்டி உக்காந்துருவாங்க. சொளவு முறத்துல பாசிமணியைக் கொட்டி நிறம் நிறமாப் பிரிப்பாங்க. சிவப்பு ஒரு குவியல், பச்சை ஒரு குவியல், பச்சையா நீலமான்னு சண்டை போடுறதுக்கு ஒரு குவியல். தலையணை உறைக்குப் பூ, தொட்டில் கயித்துக்குக் குஞ்சம், கன்னுக்குட்டிக் கழுத்துக்குப் பாசிப்பட்டை. விக்கிறதுக்கு எல்லாம் இல்ல. ஒரு பாசி பக்கத்துல இன்னொரு பாசி போய் உக்காரும்போது மனசுக்குள்ள ஒண்ணு உக்காருமே, அதுக்காகத்தான்.

"கை சும்மா இருந்தா வாய் நீளுது ஏட்டி, அதான் வேலை பாக்கச் சொல்றேன்"னு வெள்ளத்தாயி சொல்லுவா.

"கையில வேலை இருந்தும் உனக்குக் குறையலையே மதினி"ன்னு முத்துப்பேச்சி சொல்லுவா.

முத்துப்பேச்சிக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்பிள்ளை ஊர் ரெண்டு ஆறு தாண்டி. போனவ வருசத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெருசு. அவளுக்குக் கொடுத்துவிட ஒரு சுருக்குப் பை தைக்கணும்னு வெள்ளத்தாயிக்கு ஆசை. சிவப்புத் துணி, நடுவுல பச்சைப் பாசியில ஒரு கிளி. அங்க போய் அவ வெத்தலை எடுக்கும்போதெல்லாம் கிளியைப் பாக்கணும், பாக்கும்போதெல்லாம் மதினி ஞாபகம் வரணும். ஏன், இதை வாயால சொன்னா ஆகாதான்னு கேட்டா, ஆகாது. ஏழு வருசமா கிண்டல் மட்டுமே பேசிப் பழகுன வாய். அதுல அன்பா ஒரு வார்த்தை கிளம்பி வர்றதுக்குள்ள பொண்ணு ரெண்டு ஆறையும் தாண்டிருவா. பையிலதான் போட்டு அனுப்பணும்.

துணியை விரிச்சு, நூலைக் கட்டி, "கிளி போடு"ன்னா.

"எலிதானே, போட்டுருவோம்"னு கிளம்பிருச்சு ஊசி.

"எலி இல்லப்பா, கிளி, கிளி."

"ரெண்டு எலியா? சரி, ஜோடியா இருக்கட்டும்."

சாயங்காலம் பாத்தா வாலும் மீசையுமா ரெண்டு எலி. முத்துப்பேச்சி எட்டிப் பாத்தா. "மதினி, நீ என்னை மாமியார் வீட்டுக்கு அனுப்புறியா, இல்ல எலிப்பொறிக்கு அனுப்புறியா?"

தையலைப் பிரிச்சாச்சு. மறுநாள் ஊசி நல்ல வேகத்துல ஓடுச்சு. வெள்ளத்தாயி "நில்லு, நில்லு"ங்க, அது துணியைத் தாண்டி அவ முந்தானையையும் சேத்துத் தச்சு முடிச்சிருச்சு. தெரியாம அவ எந்திரிக்க, துணியோட சேந்து சொளவும் எந்திரிச்சு, பாசி பூரா வெளிய வாசல் முத்தத்துல சிதறிருச்சு. கோழிங்க ஓடி வந்து பொறுக்கித் தின்னுச்சு. இது போதாதுன்னு, மிச்சம் இருந்த பாசிக்குள்ள ஊசி இடுப்புல இருந்த நூல் முடிச்சு நுழையவே மாட்டேங்குது. கல்யாணத்துக்கு நாலு நாள்தான். வெள்ளத்தாயி தலையில கையை வச்சு உக்காந்துட்டா.

முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு வந்துச்சு, மதினி மூஞ்சியைப் பாத்து அடக்கிக்கிட்டா. "ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் இந்த ஊசிப் பயதான் காது குத்துறான். இவனுக்கு யாராவது குத்துனாங்களா? அதான் இவனுக்குக் கேக்கல."

வெளையாட்டுக்குத்தான் சொன்னா. வெள்ளத்தாயி நிமிந்து உக்காந்தா. "காதே இல்லையே ஏட்டி, எங்க குத்துறது?"

"குத்துற இடம்தான் காது."

காதுகுத்துன்னா தாய்மாமன் மடி வேணும். ஊசிக்குத் தாய்மாமன் யாரு? முள்ளம்பன்றிதான். சொல்லிவிட்டாங்க, மறுநாளே சீரோட வந்துட்டாரு. ஒரு சீப்பு வாழைப்பழம், தோள்ல வச்சுத் தூக்கிட்டு வந்ததுல எல்லாப் பழத்துலயும் ஓட்டை. பந்தியில முள்ளுக்குப் பயந்து அவருக்கு ரெண்டு பக்கமும் ஏழு ஏழு இலை காலி.

"எங்க குடும்பத்துல குத்தித்தான் பழக்கம்மா, குத்து வாங்குனது இல்ல"ன்னு அவரு தயங்குனாரு.

"உங்க மருமகன் நல்லதுக்குத்தான் மாமா"ன்னா முத்துப்பேச்சி. "வயித்துப் பக்கம் மெத்துன்னு இருக்கில்ல, அங்க உக்கார வைங்க."

காது குத்துறதுக்கு மரத்தைத் துளைக்கிற கருவண்டு வந்துச்சு. கூரான முனையா, மொட்டை முனையான்னு கேட்டுச்சு. "கூரு அவன் பொழப்பு, அதுல கை வைக்காத. மறுமுனையில போடு"ன்னா வெள்ளத்தாயி.

ஊசிக்கு ஒரே குஷி. மாமன் மடியில உக்காந்துக்கிட்டு, "யாருக்குக் காதுகுத்து? பிள்ளை எங்க? சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, என் முனை அரிக்குது"ன்னு பேசிக்கிட்டே சுத்திப் பாத்துச்சு. பிள்ளை யாரையும் காணோம். எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு புரியவும் வண்டு வேலையைத் தொடங்கவும் சரியா இருந்துச்சு.

ஊசி கத்துச்சு பாருங்க, ஊரே காதைப் பொத்திக்கிச்சு. அது பொறந்ததுல இருந்து கேட்ட முதல் சத்தம் அதுதான்.

"யாரு அழுதது?"ன்னு கேட்டுச்சு.

"நீதான் மருமகனே"ன்னாரு முள்ளம்பன்றி.

"இவ்வளவு சத்தமாவா?" கூட்டத்தைச் சுத்திப் பாத்துச்சு. "அப்ப நான் குத்துன பிள்ளைகள்லாம்?"

கூட்டத்துல ஒரு சின்னப் பிள்ளை மட்டும் தன் காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டா. ஊசி அதைப் பாத்துருச்சு. மாமன் மடியில இருந்து இறங்கிப் போய் சொளவுக்கு அடியில படுத்தது, ரெண்டு நாளு எந்திரிக்கவே இல்ல. காது வந்துருச்சு, வேலைக்கு ஆள் போயிருச்சு.

விடிஞ்சா கல்யாணம். மத்தியானம் வெள்ளத்தாயி சொளவைத் தூக்கிப் பாத்தா. "வாப்பா, தைக்கணும்."

"மாட்டேன். துணிக்கு வலிக்கும். கத்துனா எனக்கு இப்பக் கேக்கும்."

அவ என்னமோ சொன்னா. ஆனா அது கல்யாண வீடு. ஒருத்தன் பந்தக்கால் எங்கங்குறான், ஒருத்தி தேங்கா எங்கங்குறா, மேளக்காரர் சும்மா ஒரு தடவை தட்டிப் பாக்குறாரு. புதுக் காது இல்லையா, அவ்வளவும் உள்ள போகுது. ஊசி நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. அவ பேச்சு மட்டும் போய்ச் சேரல.

வெள்ளத்தாயிக்கு அழுகை வந்துச்சு. அழக் கூடாதுன்னு கையில இருந்த நூலோட நுனியை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டா. நூல் உதட்டுல இருக்கும்போதே, சத்தமில்லாமப் பேசுனா.

"நான் இந்த வீட்டுக்கு வரும்போது வேற துணி. நிறமும் சேரல, நீளமும் சேரல. என்னை இந்த வீட்டோட சேத்துத் தச்சது இவதான். குத்திக் குத்திப் பேசித்தான் தச்சா. வலிச்சுச்சு, பொய் சொல்லல. ஆனா ஏழு வருசமா எங்கயும் பிரியல. இதை அவகிட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. நீதான் சொல்லணும்."

சொல்லிட்டு அந்த ஈர நுனியை ஊசியோட ஓட்டைக்குள்ள விட்டா. அதுவரைக்கும் அதுக்குள்ள நூலை விடலாம்னு யாருக்கும் தோணுனதே இல்ல. நூல் உள்ள போனதும் வீட்டுச் சத்தம் பூரா அடைச்சுப்போச்சு. அவ சொன்னது மட்டும் நூலைப் பிடிச்சு நடந்து உள்ள போச்சு.

ஊசி மெதுவா அவ விரலுக்கு நடுவுல வந்து சாஞ்சுக்கிச்சு. "நீ ஓட்டு அக்கா. நான் கூட வர்றேன்"னுச்சு. அதுக்கு அப்புறம் அது வாயே திறக்கல.

இப்ப இடுப்புல முடிச்சு இல்ல. ஒவ்வொரு பாசியும் ஊசி மேல ஏறி, நூல் வழியா வழுக்கிட்டு வந்து தன் இடத்துல உக்காந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள பச்சைக் கிளி சிவப்புத் துணியில உக்காந்து பாத்துச்சு. மூக்கு மட்டும் கொஞ்சம் கோணல்.

மருதாணிக் கையோட முத்துப்பேச்சி வந்தா. பையைப் பாத்தா. ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அதுவே அந்த வீட்ல ஒரு அதிசயம்.

"அவன்கிட்ட அப்படி என்ன மதினி சொன்ன?"

"நேராப் போன்னு சொன்னேன்."

"அதுக்கு உன் கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"பாசித் தூசி."

முத்துப்பேச்சி ஊசியை எடுத்து அதுகிட்டயே கேட்டா. பேச்சே வராத ஊசியை அன்னைக்குத்தான் பாத்தா. கொஞ்சம் யோசிச்சா. ஒரு புது நூலை எடுத்து, நுனியை உதட்டுல வச்சு, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு என்னமோ முணுமுணுத்தா. ஊசிக் காதுல கோத்தா. குனிஞ்சு மதினி முந்தானை ஓரத்துல, யாருக்கும் தெரியாத இடத்துல, ஒரே ஒரு தையல் போட்டா.

"நீ என்ன ஏட்டி சொன்ன?"

"நேராப் போன்னுதான்."

விசயம் பரவுச்சு. ஊர்ல இருந்த ஊசியெல்லாம் கருவண்டு வீட்டு வாசல்ல வரிசையில நின்னு காது குத்திக்கிச்சு. தன் முறை வர்ற நேரத்துல ஒரு ஊசி மட்டும் பயந்து ஓடுச்சு. ஓடுன வேகத்துல கதவு நிலையில மண்டை இடிச்சு வீங்கிருச்சு. அதுதான் குண்டூசி. அதுக்குத் தலை இருக்கு, காது இல்ல. அதை நம்பி யாரும் எதையும் சொல்றதில்ல, காகிதத்தைப் பிடிச்சு வைக்கத்தான் ஆகும்.

காது குத்திக்கிட்ட ஊசிங்க எதுவும் அதுக்கப்புறம் பேசல. அன்னையில இருந்துதான் ஊசிக்கு இருக்கிற ஓட்டையைக் கண்ணுன்னு சொல்லாமக் காதுன்னு சொல்றோம், நூல் நுனியை வாயில வைக்காம யாரும் ஊசி கோக்கிறதும் இல்ல. ஏன்னு கேட்டா எச்சில் பட்டா நுழையும்பாங்க, ஆனா உதட்டுல நூல் இருக்கிற அந்த ஒரு நொடியில யாரை நினைச்சாங்கங்கிறது ஊசிக்கு மட்டும்தான் தெரியும்.