இருபது முழுக்கு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, குரு சிம்ம ராசியில் நிற்கும் மாசி மகத்தன்று, கங்கை முதலான ஒன்பது நதிகளும் கும்பகோணத்து மகாமகக் குளத்துக்கு வருவதாக ஐதிகம். ஊரார் தங்களிடம் கரைத்துவிட்டுப் போன பாவங்களை அந்த நதிப்பெண்கள் இங்கே கழுவிக்கொள்கிறார்களாம். ஒன்பது பேருக்கும் அந்த ஒரு குளம் போதும். திருவலஞ்சுழியில் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு ஓரகத்திகளுக்குத்தான் போதவில்லை.

மூத்தவள் கோமளவல்லி. இளையவள் செங்கமலம். செங்கமலம் வைத்த ரசத்தை மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினால், கோமளத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மாமியார் தையல்நாயகி கால் ஒடிந்து படுத்திருந்தாள். மகாமகத்துக்கு முதல் நாள் மருமகள்களைக் கூப்பிட்டாள்.

"என்னால வர முடியாது. என் பேரைச் சொல்லி முங்கிட்டு வாங்க. முங்கும்போது வாயில யார் பேர் வருதோ, அவங்களுக்குத்தான் அந்த முழுக்கு. எனக்காக அதிகம் முங்கினவளுக்கு இது" என்று இடுப்பில் செருகியிருந்த கொத்துச்சாவியைத் தட்டிக் காட்டினாள்.

அந்தச் சாவிக்காகக் கோமளம் பத்து வருஷமாகக் காத்திருந்தாள்.

குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். உள்ளே இருபது தீர்த்தக் கிணறுகள். கிணற்றுக்கு ஒரு முழுக்கு. முதல் கிணற்றருகே செங்கமலம் கண்ணை மூடி, "தையல்நாயகி பேருக்கு" என்று முங்கினாள். எழுந்ததுமே கூட்டம் அவளை நெருக்கிப் படிக்கட்டில் ஏற்றிவிட்டது. மறுபடி இறங்க வழியில்லை.

கோமளம் விடுவாளா? "செங்கமலம் முந்திக்கிட்டாளே!" என்று முனகியபடி முங்கினாள். அடுத்த கிணற்றில், "எங்கே போனா இந்தச் செங்கமலம்?" மூன்றாவதில், "ஒண்ணோட கரையேறிட்டா செங்கமலம்! படியில உக்காந்து தலை துவட்டுறா பாரு!" நெஞ்சு குளிர்ந்தது. இப்படியே இருபது கிணறும் ஆயிற்று.

"இருபது, அத்தை!" என்றாள் கோமளம், வீட்டுக்குள் நுழையும்போதே.

"நான் ஒண்ணுதான் அத்தை. உங்க பேரைச் சொல்லி முங்கினேன்" என்றாள் செங்கமலம்.

"நீ என்னடி சொல்லி முங்கினே, கோமளம்?"

தீர்த்தமாடி வந்த ஈரத்தலையோடு கோமளத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொன்னதை எல்லாம் சொன்னாள்.

"ஆனா உங்களுக்காகத்தானே அத்தை போனேன்? இருபதும் நான்தானே முங்கினேன்?"

வாசகர்களே, கொத்துச்சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: செங்கமலத்துக்கு. வாயில் வந்த பெயருக்கே முழுக்கு என்பது பேச்சு. அப்படிப் பார்த்தால் மாமியாருக்குக் கிடைத்தது செங்கமலம் போட்ட ஒன்றுதான். கோமளம் போட்ட இருபதும் யாருக்குப் போயின? அவையும் செங்கமலத்துக்கே! தையல்நாயகி சாவியை இளையவளிடம் நீட்டிவிட்டு மூத்தவளைப் பார்த்தாள். "அடுத்த மகாமகத்துக்குப் பன்னிரண்டு வருஷம் இருக்குடி. அதுக்குள்ள என் பேரை மனப்பாடம் பண்ணிக்க."